பஞ்சாக விழுந்த பேச்சு

ஆயிரத்து எழுநூறு விசைத்தறிகள் ஓடுகிற மல்லாண்டிபாளையத்தில் காற்றென்றால் பாதி பஞ்சு. அது முருங்கை இலையில் படியும், காயப்போட்ட வேட்டியில் படியும், டீக்கடை பாய்லரில் படியும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மீசையில் படிந்து காபி ஆறுவதற்குள் அவனைக் கிழவனாக்கிவிடும். அதனால், குழந்தைவேலின் மகள் தர்சினியிடம் ஜனங்கள் பேசிய பேச்செல்லாம் அவளைச் சுற்றிப் பஞ்சுப் பஞ்சாக விழத் தொடங்கியபோது முதல் பத்து நாள் யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை.

கவனித்தவள் தர்சினியின் அம்மா சுகந்திதான். வீடு கூட்டுகிறவள் அவள்தானே. தறிப்பஞ்சு பழுப்பாக, எண்ணெய் வாசத்தோடு இருக்கும். இதுவோ வெள்ளை வெளேரென்று, வாசனையே இல்லாமல், மகள் உட்கார்ந்த இடத்தில் மட்டும் கிடந்தது. ஒரு திரளை எடுத்து வெளியே ஊதிவிடலாம் என்று முகத்தருகே கொண்டுபோனபோது அது சுகந்தியின் குரலிலேயே, "தங்கம், இங்க பாரு, அம்மாவப் பாரு" என்றது. சுகந்தி அதைக் கீழே வைத்தாள், பொங்க இருந்த பாலை இறக்கினாள், திரும்பி வந்து இன்னொரு திரளை எடுத்துக் காதில் வைத்தாள். "பாப்பா, அம்மா எங்க?" என்றது பால்காரர் குரல். காலையில் அவர் கேட்டதுதான். தர்சினி பதில் சொல்லவில்லை. அவளுக்குக் காது கேட்காது.

அது ஊருக்கே தெரியும். இரண்டரை வயதில் சொல்லிவிட்டார்கள். காதிலிருந்து ஒலியை எடுத்துப்போகிற நரம்பு இவளுக்குப் பிறக்கும்போதே அமையவில்லை, ஆகவே காது மெஷினோ ஆபரேஷனோ இவளுக்கு உதவாது என்று பெரிய டாக்டர் தாளில் படம் வரைந்து விளக்கினார். ஊருக்குத் தெரியாதது ஒன்றுதான்: அவளிடம் சொன்ன சொல்லெல்லாம் எங்கே போயிற்று என்பது. இப்போது அதுவும் தெரிந்துபோயிற்று. பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்கா முப்பது வருஷம் தறி ஓட்டியவள், அவள் ஒரு திரளைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இதுல என்ன அதிசயம் அம்மிணி? ஓடற நூலு போய்ச் சேரலைன்னா எங்கியாச்சும் விழுந்துதான ஆகோணும்" என்றாள். ஊர் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

அடுத்த வேலை என்பது கூட்டுவது. பேசியவரே பஞ்சைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்று தெருவில் ஒரு வழக்கம் வந்தது. மளிகைக்கடைக்காரர் கடைவாசலில் ஒரு விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார். கொஞ்சிவிட்டுப் போகிற கிழவர்கள் குனிய முடியாமல், கொஞ்சலை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். குழந்தைவேலு மட்டும் ஒரு திரளையும் வெளியே கொட்ட விடவில்லை. மகளுக்கென்று சொன்ன சொல்லைக் குப்பையில் போடுவதா என்று சாக்கில் அடைத்து, துணிப் பேல் கட்டுகளுக்குக் குறி போடுகிற மையால் 'தர்சினி' என்று எழுதி அறையில் அடுக்கினான்.

ஒரு சாக்கு எப்படியோ தப்பி மெத்தைக்கடை காதர் பாயிடம் போய்ச் சேர்ந்தது. நல்ல பஞ்சு என்று அவர் தலையணை தைத்து விற்றுவிட்டார். வாங்கிப்போனவர் மறுநாளே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "பாய், சாய்ஞ்சா போதும், ஆ காட்டு, ஆ காட்டு, ஒரு வாய் உண்ணுங்குது. மத்தியானம் ரெண்டு தடவ எந்திரிச்சு உண்டுட்டேன்." இதுவாவது பரவாயில்லை. தர்சினிக்குக் காது கேட்காது என்பதால், மனதில் எதையாவது பொத்தி வைத்திருப்பவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் ஊரில் ரொம்ப நாளாக இருந்தது. கோயில் உண்டியலைவிட அவளிடம் அதிகம் விழுந்திருந்தது. அந்தச் சாக்கில் தைத்த இன்னொரு தலையணை சாந்தாமணி அக்காவின் குரலில், ஞாயிற்றுக்கிழமை வைக்கிற கோழிக்குழம்பு தான் வைத்ததல்ல, பதினோரு வருஷமாக பைபாஸ் மெஸ்ஸில் தூக்குப்போணியில் வாங்கி வருவது என்று அவள் வீட்டுக்காரர் தலைக்கடியிலேயே சொல்லிவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து, "மெஸ்ஸுக்காரனுக்கு நல்ல கை" என்று மட்டும் சொன்னாராம். ஊர் ஒரு வாரம் சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் சாந்தாமணி அக்காதான்.

சுகந்தியும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்துக் கூட்ட உட்காரும்போதெல்லாம் அவளுக்குள் ஒன்று உறுத்தியது. இத்தனை சாக்குச் சொல்லில் ஒன்றுகூட மகளைப் போய்ச் சேரவில்லை. அதைவிட, மகள் இதுவரை அவளிடம் ஒன்றுமே கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமானால் சொம்பைக் காட்டுவாள், வெளியே போக வேண்டுமானால் செருப்பைக் கொண்டுவந்து போடுவாள். ஆனால் ஏன், எதற்கு, எப்படி என்று எந்தக் குழந்தையும் தாயின் உயிரை எடுக்கிற அந்தக் கேள்விகளில் ஒன்றும் அவளிடமிருந்து வரவில்லை. கேள்வி இல்லாமலா இருக்கும்? அதைப் போட்டு எடுக்க ஒரு பாத்திரம் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை என்று சுகந்திக்குத் தோன்றும். தெருவில் மற்றப் பெண்கள், "இந்தச் சனியன் கேள்வி கேட்டே கொல்லுது" என்று பிள்ளைகளை அலுத்துக்கொள்ளும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

பாத்திரமென்று கொடுத்தது கொஞ்சம் உண்டு. சுகந்தி வேலைக்குப் போகிற தறிப்பட்டறையில் நாற்பது தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைச்சாடை உண்டு. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இரண்டு கை விரலையும் சேர்த்துப் பட்டென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. இப்படிப் பதினான்கு சாடை. தூளியில் கிடந்த நாளிலிருந்தே தர்சினி அதைப் பார்த்து வளர்ந்தாள், மூன்று வயதில் பதினான்கையும் பழகிவிட்டாள். அவளிடம் சாடை காட்டினால் ஒரு துளிப் பஞ்சும் விழாது என்பதையும் பட்டறை முழுதும் கண்டுகொண்டது.

"பாத்தியா, பொறவென்ன வெசனம்? எங்க பாஷையே அவளுக்குப் போதும்" என்றார்கள் தறிக்காரர்கள், பெருமையாக. போதும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள், அவர்களுக்குப் பகல் முழுக்கப் போதுமாயிருந்ததால். தர்சினியும் இருந்ததை வைத்து வாழ்ந்தாள். தட்டு உடைந்தால் நூல் அறுந்தது என்பாள். பல்லி வால் துடித்தால் நூல் அறுந்தது. எதிர்வீட்டு ஆடு செத்தபோது நூல் அறுந்தது. ஒருநாள் சுகந்தி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதபோது அவள் தோளைத் தட்டித் திருப்பி, முகத்தைக் காட்டி, விரலைச் சேர்த்துப் பட்டென்று பிரித்தாள். பதினான்கு சாடையில் கேள்வி கேட்கிற சாடை ஒன்றுமில்லை. தறிப்பட்டறையில் யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

குழந்தைவேலுக்குச் சாடை ஆகாது. அவன் லாரியில் பேல் ஏற்றுகிறவன், நாலு ஊர் பார்த்தவன். "நாளைக்கு பஸ்ல டிக்கெட் கேக்கோணும், கடையில சாமான் கேக்கோணும். அங்கெல்லாம் மீசைய முறுக்கிக் காட்டுனா ஆகுமா? ஊரு பேசற பேச்சத்தான் எம்பொண்ணு பேசோணும்" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. ஆகவே பக்கத்து டவுனில் நிர்மலா மிஸ் நடத்துகிற பேச்சுப் பயிற்சிக்கு மகளைக் கூட்டிப்போனார்கள்.

நிர்மலா மிஸ் நல்லவள். பதினெட்டு வருஷமாக அதே வேலை. பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்திச் சுடரை 'ப' சொல்லி அசைத்துக் காட்டி, ஒரே எழுத்தை இருநூறு தடவை சிரித்த முகத்தோடு சொல்வாள். அவளிடம் ஒரே ஒரு கண்டிப்பு. "கை மட்டும் வேண்டாம். வீட்டுல யாரும் சாடை காட்டக் கூடாது. கை வந்துட்டா வாய் சோம்பேறியாயிடும். பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க, வெங்காயம் உரிச்சாலும் அதைப் பத்திப் பேசுங்க."

சுகந்தி பேசினாள். வெங்காயத்தைப் பற்றிப் பேசினாள், வெங்காயம் விளைந்த காட்டைப் பற்றிப் பேசினாள், அதை ஏற்றி வந்த வண்டியைப் பற்றிப் பேசினாள். தலை வாரிக்கொண்டே பேசினாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். பேசப் பேசப் பஞ்சு முழங்கால் உயரம் வந்தது, ஜன்னல் விளிம்பு வந்தது, குழந்தைவேலு வேலை முடித்து வந்தால் கதவைத் தோளால் முட்டித் தள்ளித்தான் உள்ளே வர முடிந்தது. உட்கார்ந்து உண்ண இடமில்லாமல் மாமியார் ஊரிலிருந்து வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் நின்றுகொண்டே உண்டுவிட்டுப் போனார்கள். தர்சினி கையைக் கட்டிக்கொண்டு, கழுத்துவரை பஞ்சில் உட்கார்ந்து, அம்மாவின் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு 'பா' வந்தது.

அன்று குழந்தைவேலு தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். "அப்பான்னு கூப்புட்டா! வாயத் தொறந்து கூப்புட்டா!" அவன் கண் கலங்கியதைப் பார்த்து தர்சினியும் சந்தோஷமாகி, எதிர்வீட்டுப் புது ஆட்டைப் பார்த்து 'பா' என்றாள், குழாயைப் பார்த்து 'பா' என்றாள், ஐந்தேகால் டவுன் பஸ்ஸைப் பார்த்து 'பா' என்றாள். சாந்தாமணி அக்கா மைசூர்பாகை மென்றுகொண்டே, "உனக்கு ஒறவு நெறையத்தான் இருக்குது குழந்தவேலு" என்றாள். குழந்தைவேலு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அந்த வகுப்பில் பரத் என்று ஒரு பையன் இருந்தான். அவனுக்குக் காது கொஞ்சம் கேட்கும். மெஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும். மல்லாண்டிபாளையத்துப் பஞ்சு தர்சினியோடு கூடவே வகுப்புக்கும் வந்துவிட்டதால், நிர்மலா மிஸ்ஸுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பத்து வார்த்தை சொன்னால் பரத்தைச் சுற்றி இரண்டு விழும், மூன்று விழும். தர்சினியைச் சுற்றி பத்தும் விழும். ஒரு மாதம் அவள் யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தாள். பிறகு சுகந்தியையும் குழந்தைவேலையும் உட்கார வைத்தாள்.

"எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழின்னு பதினெட்டு வருஷமா நெனச்சிருந்தேங்க. பரத்துக்கு இது சரி. அவன் பேசுவான். உங்க பொண்ணுக்கு நான் இன்னும் பத்து வருஷம் சொல்லிக் குடுக்கலாம். அதுக்குள்ள அவ பத்து வருஷம் ஒரு பாஷையும் இல்லாம இருப்பா. அதுக்கு நான் ஆளில்ல." ஒரு தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். சைகை மொழியில் பாடம் நடத்துகிற பள்ளி, முக்கால் மணி நேர தூரம், வேன் வரும், ஜூன் மாதம் சேர்க்கை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேலு சொன்னான். "சைகையின்னு போயிட்டா அப்பறம் அவளுக்கும் நமக்கும் என்ன இருக்குது? அவ ஒரு பக்கம், ஊரு ஒரு பக்கம். அந்த ஒரு 'பா'வும் போயிரும்."

"ஏனுங்க, அந்த 'பா'வுல உங்களுக்குன்னு என்ன இருக்குது? அவளுக்கு அஞ்சரை வயசாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னுகூட எனக்குத் தெரியாது. பொறந்தநாள்னா என்னன்னு நெனைக்கிறா? செத்த ஆடு எங்க போச்சுன்னு நெனைக்கிறா? ஊரோட பேசறது அப்பறம் இருக்கட்டும். மொதல்ல ஆரோடயாச்சும் பேசட்டும்."

அத்தனை சொற்களையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி அவன் பார்த்ததில்லை. அவனிடம் சொன்னதால் அவற்றில் ஒன்றும் பஞ்சாக விழவில்லை. "போய்ப் பாப்போம். பாக்கத்தான். சேத்தறதுக்கில்ல" என்றான்.

பள்ளி ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம். அவர்கள் போனபோது இடைவேளை. அறுபது பிள்ளைகள் ஒரே சமயத்தில் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை பிடித்தார்கள், கோள் சொன்னார்கள், ஒருத்தி எதையோ சொல்லி முடிக்க, சுற்றி நின்ற ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குழந்தைவேலு அவர்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். இரண்டு வருஷமாகப் பஞ்சு அள்ளியவன் அல்லவா, பழக்கம். வகுப்புக்குள் போய் பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தான், கதவுக்குப் பின்னால் பார்த்தான், மூலையில் இருந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டான். பென்சில் சீவலும் வேர்க்கடலைத் தோலும் இருந்தன. ஒரு திரள்கூட இல்லை.

எஸ்தர் டீச்சர் அவன் தேடுவதைக் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்கும் காது கேட்காது. இதே பள்ளியில் படித்து, இங்கேயே டீச்சராக வந்தவள். சாக்பீஸை எடுத்து, என்ன தேடுகிறீர்கள் என்று கரும்பலகையில் எழுதினாள். குழந்தைவேலு கையைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸை வாங்கி, பேல்மேல் எழுதுகிற பெரிய எழுத்தில், 'என் பெண்ணுக்குத் தமிழ் வருமா' என்று எழுதினான்.

அவள் எழுதினாள்: 'எனக்கு வந்திருக்கிறதே. முதலில் கையால் பேசக் கற்பாள். அதைப் பிடித்துக்கொண்டு தமிழ் படிப்பாள், எழுதுவாள். நீங்களும் சனிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டும்.' கொஞ்சம் யோசித்துக் கீழே சேர்த்தாள்: 'வராவிட்டால் வீட்டில் உங்களை வைத்துக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசுவாள்.'

குழந்தைவேலுக்கு இந்தத் தடவை சிரிப்பு வந்துவிட்டது. ஜூன் மாதம் தர்சினி வேனில் ஏறினாள்.

இரண்டு மாதத்தில் அவள் கை நிற்கவில்லை. வேனை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்குவாள். புருவம் பேசும், தோள் பேசும், கன்னம் உப்பிப் பேசும். சுகந்தியும் குழந்தைவேலும் சனிக்கிழமை தவறாமல் போனார்கள்தான். ஆனால் அவர்கள் அம்மா, சோறு, பள்ளிக்கூடம் என்று தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்க, அவள் எங்கேயோ போய்விட்டாள். அப்போதுதான் அது தொடங்கியது. அவள் கையிலிருந்து நீலப் பஞ்சு விழுந்தது. தெருவே கூடி நிற்க, அவள் பெரிதாக ஏதோ கதை சொல்ல, அவர்கள் காலைச் சுற்றி சொட்டு நீலம் போட்ட மாதிரிப் பஞ்சு கணுக்கால் வரைக்கும் ஏறியது.

சாந்தாமணி அக்கா ஒரு திரளை எடுத்துக் காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உதறிப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். "போச்சு போ" என்றாள். "இத்தன நாளா அந்தப் புள்ளைக்குக் காது கேக்கலன்னோம். இப்ப ஊரு முச்சூடும் முழிச்சுக்கிட்டு நிக்கறோம்." எரிச்சலில் பஞ்சைக் கைக்குள் வைத்துக் கசக்கினாள். கசக்கிய கை தானாகத் திறந்துகொண்டது. விரல்கள் அவளைக் கேட்காமல் இரண்டு கொம்பாக நிமிர்ந்து தலைக்குப் போய், பிறகு மோவாயில் தாடியாகத் தொங்கின. "ஆடு!" என்று கத்தினாள் அக்கா. "அடியே, இது ஆட்டுக் கதை!"

அதன்பிறகு ஊரில் ஒரு திரள் நீலப் பஞ்சும் வீணாகவில்லை. தறிக்காரர்கள் டவுசர் பையில் போட்டுக்கொண்டு போய், தறி ஓடும்போது கையில் வைத்து அழுத்திப் பழகினார்கள். பதினான்கு சாடை இருந்த பட்டறையில் நாற்பது ஆயிற்று, நூறு ஆயிற்று. முதலாளிக்குப் புரியாமல் அவர் எதிரிலேயே அவரைப் பற்றி விரிவாகப் பேச முடிந்ததில் எல்லோருக்கும் படிப்பில் ஆர்வம் கூடியது. சுகந்தி சமைக்கும்போது இடது உள்ளங்கையில் ஒரு திரளைப் பொத்தி வைத்துக்கொண்டே சமைத்தாள். தெரு கற்கக் கற்க நீலம் குறைந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சுகந்தி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சாந்தாமணி அக்கா மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றாள். லோடு இறக்கிவிட்டு வந்த குழந்தைவேலு பழைய பழக்கத்தில் மகளைப் பார்த்து வாயால், "உண்டியா கண்ணு?" என்றான். வெள்ளைப் பஞ்சு ஒன்று மிதந்து வந்து தர்சினியின் மடியில் விழுந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கி, நிதானமாக, அம்மாவுக்குப் புரிகிற வேகத்தில் கையை அசைத்தாள்.

'இவர்கள் எல்லோரும் ஏன் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து பஞ்சு துப்புகிறார்கள்?'

சுகந்தி முறத்தைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்தாள். நீலமாக ஒன்றும் விழவில்லை. கேள்வி முழுசாக, ஓர் இழைகூடச் சிந்தாமல், அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுப் பதில் சொன்னாள். 'துப்பவில்லை. அதுதான் எங்கள் பேச்சு. நாங்கள் வாயால் பேசுவோம். உன்னிடம் பேசியது அது.'

தர்சினி அம்மாவை நம்பாமல் பார்த்தாள். மடியிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த அக்காவைப் பார்த்தாள், தெருவில் போன பால்காரரையும் பார்த்தாள். அத்தனை பேருக்கும் பேசக் கிடைத்தது இவ்வளவுதானா என்று அவள் முகம் மெல்ல இரக்கத்தில் நெகிழ்ந்தது. எழுந்து போய் அப்பாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்து, 'பாவம்' என்றாள் கையால். பிறகு இரண்டு விரலால் அவன் வாயைப் பக்குவமாக மூடிவிட்டு, அவனுடைய இரண்டு கையையும் தூக்கி நிறுத்தி, கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

"கத்துக்கோ குழந்தவேலு" என்றாள் அக்கா. "டீச்சர் கண்டிப்புக்காரி மாதிரித் தெரியுது."

வழி திறந்துகொண்டது. சூரியனைத் தினமும் யார் உருட்டிவிடுகிறார்கள், அப்பா மூக்கு ஏன் அவ்வளவு பெரிது, செத்த ஆடு திரும்பி வர எத்தனை நாளாகும், அக்காவுக்கு ஏன் பல் ஏழுதான் இருக்கிறது, நான் வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அரிசி புடைத்து, உலை வைத்து, வடித்து, உண்டு, கழுவிக் கவிழ்க்கும் வரை தர்சினி கேட்டுக்கொண்டேயிருந்தாள், சுகந்தி தெரிந்ததற்கு விடை சொல்லி, தெரியாததற்குப் பொய் சொல்லி, பொய்யும் தீர்ந்தபோது கையை விரித்துக் காட்டினாள். பொழுது சாய்வதற்குள் அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. குழந்தைவேலு சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் கையை அதில் முக்கிக்கொண்டு, கண்ணை மூடி, "அம்மாடி, இன்னைக்கு இது போதும்" என்றாள்.

தோளை யாரோ தட்டினார்கள். கண்ணைத் திறந்தாள். தர்சினி சுடுதண்ணீரைக் காட்டி, புருவத்தைத் தூக்கி, ஏன் என்று கேட்டாள்.